திங்கட்கிழமையிலிருந்து ரிசப்ஷனும் உங்கள் தலையில்

"ரிசப்ஷன் அக்கா இந்த மாசத்தோட நிக்கிறாங்க. புதுசா ஆள் எடுக்கல. நீங்க கொஞ்சம் பார்த்துக்கோங்க." உள்ளூர் எஃப்.எம். நிலையத்தில் வேலை பார்க்கிறவரா? இந்த வசனத்தை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள், இல்லையென்றால் சீக்கிரம் கேட்பீர்கள். அதில் வரும் "கொஞ்சம்" என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். நான் நம்பினேன்.

தென் மாவட்டத்தில் ஒரு நிலையத்தில் டிராஃபிக் வேலைக்குச் சேர்ந்தவன் நான். டிராஃபிக் என்றால் சாலை நெரிசல் சொல்வதில்லை. எந்த விளம்பரம் எந்த நேரத்தில் எத்தனை தடவை போக வேண்டும் என்று அட்டவணை போடுவது. சேர்ந்த புதிதில் நிலையத்தில் 22 பேர் இருந்தோம். இப்போது 7 பேர், வாட்ச்மேன் அண்ணனையும் சேர்த்து. இடையில் ரிசப்ஷன் மேசை என்னிடம் வந்தது. முதல் ஆறு மாதம் செய்த தப்புகளை எல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன், நீங்களாவது அதே குழியில் விழ வேண்டாம் என்று.

முதலில் ஏன் இப்படி நடக்கிறது என்று ஒரு வார்த்தை, ஏனென்றால் நிர்வாகத்திடம் பேசும்போது இது தெரிந்திருக்க வேண்டும். நிலையத்தின் செலவுகளில் பலவற்றில் கை வைக்க முடியாது. தனியார் எஃப்.எம். உரிமக் கட்டணம் மொத்த வருவாயில் 4 சதவீதம், அல்லது ஆரம்பத்தில் கட்டிய நுழைவுக் கட்டணத்தில் 2.5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. அதாவது விளம்பரம் படுத்துவிட்டாலும் ஒரு தொகை கட்டியே ஆக வேண்டும். கோபுர வாடகை, மின்சாரம், பாட்டுக்கான ராயல்டி எதுவும் நமக்காகக் குறையாது. மிச்சம் இருப்பது சம்பளம். அதற்கு வழியும் பிறந்துவிட்டது: 2011-இல் மத்திய அரசு கொண்டுவந்த மூன்றாம் கட்ட எஃப்.எம். கொள்கை ஒரு நிறுவனம் தன் நிலையங்களை எல்லாம் இணைத்து ஒரே நிகழ்ச்சியை ஓட்ட அனுமதித்தது, அப்புறம் ராத்திரி நிகழ்ச்சி சென்னையிலிருந்து வர ஆரம்பித்தது, ஆர்ஜே முன்கூட்டியே பேசிப் பதிந்துவைத்த குரலை மென்பொருள் பாட்டுக்கு நடுவே சொருக ஆரம்பித்தது. சரி, யாரைக் குறைப்பது? காற்றில் கேட்கும் குரலை உடனே நிறுத்த முடியாது. சேல்ஸ் ஆள் பணம் கொண்டுவருகிறார். வாசலில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்கிறார் என்று கணக்கில் எங்கேயும் தெரிவதில்லை, அதனால் முதல் வெட்டு அங்கே விழுகிறது.

அவர் என்ன செய்தார் என்று உங்களுக்கும் தெரியாது. அங்கிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அக்கா போவதற்கு முன்னால் ஒரு வாரம்

அவர் கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது என்றால், தினம் ஒரு மணி நேரம் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். "என்னென்ன வேலை செய்வீங்க?" என்று கேட்டால் "போன் எடுப்பேன், தபால் வாங்குவேன், அவ்வளவுதான்" என்பார். பதினைந்து வருடமாகச் செய்கிறவருக்கு அது வேலையாகவே தோன்றாது. கேட்காதீர்கள், பாருங்கள், பார்த்ததை நோட்டில் எழுதுங்கள்.

நான் அப்படிச் செய்யவில்லை. அவர் போன பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் எந்த மட்டத்தில் இருக்கும்போது சொல்ல வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். எந்த ஜவுளிக்கடை அண்ணாச்சி காசோலையை மூன்றாவது தடவை கேட்டால்தான் கொடுப்பார், யார் போனில் கேட்டாலே கோபப்படுவார் என்பதும் அவர் தலைக்குள்தான் இருந்தது. ஆர்ஜே தம்பிக்குத் தொண்டை கட்டினால் சுக்குக் காபி எங்கிருந்து வரும், பள்ளிப் பிள்ளைகள் ஸ்டுடியோ பார்க்க வந்தால் ஒரு தடவைக்கு எத்தனை பேரை உள்ளே விடலாம், விடாமல் போன் பண்ணும் ஒரு ஆளை எப்படி மரியாதையாகக் கழற்றிவிடுவது... எதையும் யாரும் எழுதிவைக்கவில்லை.

எழுதிய பிறகு பட்டியலைப் பிரித்துவிடுங்கள். பணம் வருகிற வேலை, சட்டம் கேட்கிற வேலை, நேயர் நம்மோடு ஒட்டியிருக்கக் காரணமான வேலை, இந்த மூன்றும் நிலையத்தில் யாராவது ஒருவர் பெயருக்கு நேராகப் போயே ஆக வேண்டும். "எல்லாரும் பார்த்துக்கலாம்" என்று விட்டதை யாரும் பார்க்க மாட்டார்கள். தண்ணீர் கேன், கூரியர், பத்திரிகைக் கட்டு மாதிரி மற்றதெல்லாம் வாட்ச்மேன் அண்ணனிடம் போகட்டும், சிலவற்றை நிறுத்தியேவிடலாம். எங்கள் நிலையத்தில் வருகைப் பதிவேடு மூன்று இருந்தது. ஒன்று போதும்.

போன்

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நிர்வாகம் சொல்லும் முதல் யோசனை, தரைவழி எண்ணை எடுத்துவிட்டு ஆர்ஜே ஒருவரின் கைபேசி எண்ணைக் கொடுத்துவிடலாம் என்பது. ஒருக்காலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது பெண் ஆர்ஜே என்றால் இன்னும் கண்டிப்பாக. அந்த எண் ஒரு வாரத்தில் மாவட்டம் முழுக்கப் போய்விடும். ராத்திரி இரண்டு மணிக்கு வரும் அழைப்புக்கு எந்த நிலைய மேலாளரும் பதில் சொல்ல வரமாட்டார்.

நிலையத்தின் பெயரிலேயே ஒரு சிம் வாங்குங்கள், அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள், அந்தக் கைபேசி கட்டிடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. பழைய தரைவழி எண்ணை உடனே கைவிடாதீர்கள். பல வருடம் ஜிங்கிளில் பாடிப் பாடி ஊர் வாயில் ஏற்றிய எண் அது. ஆட்டோ முதுகிலும் கோயில் கொடை நோட்டீசிலும் இன்னும் இருக்கும். குறைந்தது ஒரு வருடத்துக்கு அதற்கு வரும் அழைப்பைப் புதிய எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள், செலவு சொற்பம்தான்.

அடுத்து நேரம். முன்பு காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை யாராவது எடுத்தார்கள். இப்போது முடியாது. முடியாததை முடியும் மாதிரி காட்டிக்கொள்வதுதான் தப்பு. 11 முதல் 1 மணி வரைதான் ஆள் எடுக்க முடியும் என்றால் அதையே காற்றில் சொல்லுங்கள், தினமும் சொல்லுங்கள். மற்ற நேரத்தில் கேட்கும் பதிவுக் குரல் யாரோ முகமற்ற "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" குரலாக இருக்க வேண்டாம், காலை நிகழ்ச்சி ஆர்ஜேயே ஊர்ப் பேச்சில் 15 நொடி பேசிப் பதிந்துவையுங்கள்: "வணக்கம்ணே, இப்போ ஸ்டுடியோவுக்குள்ள இருக்கோம், விஷயத்த வாட்ஸ்அப்ல குரலாவே அனுப்பிடுங்க, மத்தியானத்துக்குள்ள கேட்டுருவோம்." கேட்டுருவோம் என்று சொன்னால் கேட்க வேண்டும். தினம் மதியம் அரை மணி நேரம் அதற்கென்று ஒருவர் உட்கார வேண்டும்.

குரல் பதிவாக வருவதில் ஒரு லாபமும் இருக்கிறது. முன்பு அக்கா காகிதத்தில் "மேலப்பாளையம், பிறந்தநாள், அம்மாவுக்கு" என்று குறித்து உள்ளே அனுப்புவார், ஆர்ஜே அதைத் தன் குரலில் வாசிப்பார். இப்போது அந்த மகனின் குரலே ஒலிபரப்புக்குக் கிடைக்கிறது, நிகழ்ச்சி நன்றாக இருக்கிறது. ஆனால் அனுப்பியவரிடம் "இதை ரேடியோவில் போடலாமா?" என்று ஒரு வரி கேட்டு, பதில் வந்த பிறகே போடுங்கள். ஒரு பெண் கணவன் மீதுள்ள கோபத்தைக் கொட்டி அனுப்பிய குரலை எங்கள் ஆள் ஒருவர் கேட்காமல் போட்டுவிட்டார். மறுநாள் அந்தக் கணவர், அவருடைய அண்ணன், ஊர்க்காரர் இரண்டு பேர் என்று நான்கு பேர் வாசலில். ரிசப்ஷனில்தான் ஆள் இல்லையே, நான்தான் போய் நின்றேன்.

அப்புறம் தினசரி அழைப்பவர்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் பத்துப் பதினைந்து பேர் இப்படி இருப்பார்கள். அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு தாத்தா காலை பத்தரைக்குச் சரியாகக் கூப்பிடுவார். பாட்டு கேட்க மாட்டார். "ஏம்மா, இன்னைக்கு ஏழு மணிக்கு அந்தப் பய கொஞ்சம் வேகமாப் பேசுனான்லா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அக்கா இருந்தவரை அதை அப்படியே ஆர்ஜேயிடம் சொல்லிவிடுவார், அடுத்த நாள் அவன் வேகத்தைக் குறைப்பான். நேயர் கருத்துக் கணிப்பு என்று காசு கொடுத்து வாங்கும் எதைவிடவும் எனக்கு அந்தத் தாத்தா மேல் நம்பிக்கை அதிகம். அக்கா போன பிறகு அவர் அழைப்பு மூன்று வாரம் பதிவுக் குரலில் போய் முட்டியது, அப்புறம் நின்றுவிட்டது. இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். அதனால் அக்கா போவதற்குள் அந்தப் பத்துப் பதினைந்து பேரின் பட்டியலை வாங்கி, நீங்களே ஒரு தடவை ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "இனி இந்த நேரத்துக்குப் போடுங்க, நான்தான் எடுப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். ஒரு பிற்பகல் வேலைதான்.

நிகழ்ச்சி வெளியூரிலிருந்து வருகிற நேரத்தில் உள்ளூர் எண்ணைச் சொல்கிறார்களா என்றும் பாருங்கள். சில நெட்வொர்க் நிகழ்ச்சிகளில் ஆர்ஜே "கால் பண்ணுங்க" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போவார், நேயர் தனக்குத் தெரிந்த உள்ளூர் எண்ணுக்குப் போடுவார், அது இருட்டுக் கட்டிடத்தில் அடித்துக்கொண்டே இருக்கும்.

விளம்பரக்காரர் வாசலில் நிற்கும்போது

பெரிய நகரத்தில் விளம்பரம் ஏஜென்சி வழியாக மின்னஞ்சலில் வரும், எப்போது எத்தனை தடவை போட வேண்டும் என்ற எழுத்து உத்தரவு, அதாவது ரிலீஸ் ஆர்டர், கூடவே வரும். நம் ஊரில் பாதி விளம்பரம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்து வரும். புதிதாகப் பேக்கரி திறப்பவர், ஆடித் தள்ளுபடி போடுபவர், பிளாட் விற்பவர், டியூஷன் சென்டர். இவர்கள் வரும்போது யாரும் இல்லையென்றால் ஐந்து நிமிடம் நிற்பார்கள், பிறகு போய் ஃபிளெக்ஸ் அடித்துக்கொள்வார்கள். வாசலில் "விளம்பரம் பேச" என்று சேல்ஸ் ஆளின் அலுவலக எண்ணைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள், பக்கத்தில் ஒரு அழைப்பு மணி. இதை நான் சொல்லி நிர்வாகம் செய்யவே நான்கு மாதம் ஆனது என்பது வேறு கதை.

ஒரு பக்கப் படிவம் அச்சடித்துவைத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயர், ஜிஎஸ்டி எண், எத்தனை நொடி ஸ்பாட் (காற்றில் போகும் விளம்பரம்), ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்த நேரப் பட்டை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, முன்பணம் எவ்வளவு. வாசகத்தை அவரே வாசித்துப் பார்த்து அதற்குக் கீழே கையெழுத்து. இந்தத் தாள் இல்லாமல் ஒரு ஸ்பாட்கூட ஓடக் கூடாது, மேலாளரின் மச்சினர் கடையாக இருந்தாலும். மாற்றம் சொன்னாலும் அதே தாளில், தேதி நேரத்தோடு.

ஏன் இவ்வளவு கறார் என்றால், எங்களுக்கு ஒரு ஆடி மாதம் பாடம் ஆகிவிட்டது. கடைக்காரர் தள்ளுபடியை மூன்று நாள் முன்னதாக முடிக்கிறேன் என்று சொல்ல வந்தார். ரிசப்ஷன் காலி. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த ஆர்ஜேயிடம் சொன்னார். அவன் "சரிண்ணாச்சி" என்றான், மறந்துபோனான். தள்ளுபடி முடிந்து மூன்று நாளும் "பாதி விலை, பாதி விலை" என்று ஓடிக்கொண்டிருந்தது, கடையில் கூட்டம் வந்து சண்டை போட்டது. அந்தப் பணம் எங்களுக்கு வரவே இல்லை. ஆர்ஜே மேல் தப்புச் சொல்ல முடியாது, செய்தி வாங்குவது அவன் வேலை இல்லை. அன்றிலிருந்து விளம்பரம் பற்றி யார் எங்கே எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "நான் குறிச்சுக்க மாட்டேன், கீழே ஃபார்ம் இருக்கு, அதுல எழுதிடுங்க."

மாதம் முடிந்து பில் போகும்போது கூடவே ஒலிபரப்புச் சான்றிதழும் போக வேண்டும், எந்தெந்த நேரத்தில் ஓடியது என்று. அதை மென்பொருளின் லாக்கிலிருந்து எடுங்கள், அட்டவணையிலிருந்து எடுக்காதீர்கள். அட்டவணை என்பது ஓட வேண்டியது, லாக் என்பது ஓடியது. மின்சாரம் போன நேரத்தில் விடுபட்ட ஸ்பாட்களை நீங்களே முன்வந்து ஈடுகட்டிவிட்டால் அந்த வாடிக்கையாளர் அடுத்த வருடமும் வருவார்.

தேர்தல் நேரத்தில் மட்டும் கூடுதல் கவனம். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் பென் டிரைவும் ரொக்கமுமாக வருவார், "இன்னைக்கு சாயங்காலமே போட்டுருங்க" என்பார். வானொலியில் அரசியல் விளம்பரம் போட, தேர்தல் ஆணைய ஏற்பாட்டில் இயங்கும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவின் முன்அனுமதிச் சான்று வேண்டும். அது இல்லாமல் பென் டிரைவைக் கையில்கூட வாங்காதீர்கள். வாங்கி மேசையில் வைத்தாலே "கொடுத்துட்டேனே" என்று பேச்சு வரும்.

பரிசு

ரிசப்ஷன் அக்காவின் வேலையில் மிகவும் தலைவலி பிடித்தது இதுதான் என்று பிறகுதான் புரிந்தது. சினிமா டிக்கெட், குக்கர், நகைக்கடை கூப்பன். ஜெயித்தவர் வருவார், அவர் தம்பி வருவார், ஜெயித்தவர் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்த வேறு யாரோ வருவார்.

முடிந்தவரை பரிசை நிலையத்துக்கே கொண்டுவராதீர்கள். ஸ்பான்சர் கடையே தன் கவுன்டரில் கொடுக்கட்டும், நீங்கள் ஜெயித்தவருக்குக் குறுஞ்செய்தியில் ஒரு குறியீட்டு எண் மட்டும் அனுப்புங்கள், அதே பட்டியலைக் கடைக்கும் அனுப்புங்கள். கடைக்காரருக்கும் சந்தோஷம், ஆள் கடைக்குள் வருகிறார் அல்லவா. இங்கேயேதான் கொடுக்க வேண்டும் என்றால் சனிக்கிழமை 3 மணி முதல் 5 மணி வரை என்று ஒரே நேரம் வையுங்கள், 30 நாளுக்குள் வாங்காவிட்டால் கிடையாது என்று போட்டி அறிவிக்கும்போதே காற்றில் சொல்லிவிடுங்கள். அடையாள அட்டையைப் பாருங்கள், நகல் வாங்கிக் குவிக்காதீர்கள். ஆதார் நகல்கள் எங்கள் அலமாரியில் ஒரு கட்டாகக் கிடந்தன, எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை, எரித்தோம்.

பரிசின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீத வரி வருகிறது. பொருளாகக் கொடுத்தால் அந்த வரி கட்டிய பிறகுதான் பொருளைக் கையில் கொடுக்க வேண்டும், பான் எண்ணும் வேண்டும். ஸ்கூட்டர் பரிசு என்று உற்சாகமாக அறிவித்துவிட்டு, ஜெயித்த கல்லூரிப் பையனிடம் வரிக்குப் பணம் கேட்கும் நிலை வரக் கூடாது. யார் கட்டுவது என்று ஸ்பான்சரிடம் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிவிப்புகள்: எதை உள்ளே விடுவது

தனியார் எஃப்.எம்.மில் நாமாகச் செய்தி சொல்ல முடியாது, ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். ஆனால் போக்குவரத்து, வானிலை, தேர்வு, வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர், பேரிடர், சுகாதார எச்சரிக்கை மாதிரியானவை செய்திக் கணக்கில் வராது. இதில் மின்சாரம், தண்ணீர், பேரிடர் போன்றவை உள்ளூர் நிர்வாகம் தரும் தகவலாக இருக்க வேண்டும். இந்த வடிகட்டல்தான் ரிசப்ஷனில் நடந்துகொண்டிருந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் "நாளை முழுக்கக் கரண்ட் கட்" என்று ஒரு ஃபார்வர்டு நேராக ஆர்ஜே கண்ணில் படுகிறது, அடுத்த நிமிடம் காற்றில் போய்விடுகிறது.

ஒரு எளிய வழி: ஸ்டுடியோ கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டுங்கள். மின்வாரிய அலுவலகம், மாநகராட்சி, காவல் கட்டுப்பாட்டு அறை, அரசு மருத்துவமனை ரத்த வங்கி, மாவட்டப் பேரிடர் எண் 1077, குழந்தைகள் உதவி 1098. எந்த அறிவிப்பாக இருந்தாலும் இதில் ஒரு எண்ணுக்குப் போன் போட்டு, பேசியவர் பதவியையும் நேரத்தையும் குறித்த பிறகுதான் உள்ளே போகும். குழந்தை காணவில்லை என்று வந்தால் காவல் நிலையத்தில் புகார் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தை கிடைத்து இரண்டு வருடம் ஆன ஃபார்வர்டெல்லாம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரத்தம் தேவை என்ற அறிவிப்புக்குக் கெடு நேரம் போடுங்கள், இல்லையென்றால் நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் அந்த எண்ணுக்குப் பத்துப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி கரை உடைத்துக்கொண்டு ஊருக்குள், ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். செல்போன் பல இடங்களில் செத்துப்போனது. நாங்கள் புதிதாக வாங்கிய சிம், வாட்ஸ்அப், பதிவுக் குரல் எதுவும் உதவவில்லை. முழங்கால் தண்ணீரில் ஆட்கள் நேராக நிலையத்துக்கே வந்தார்கள், "ரயில்ல என் மவ இருக்கா, ஏதாவது தெரியுமா?" என்று. வாட்ச்மேன் அண்ணன் ஒருவர்தான் வாசலில். அவர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பெயர், ஊர், என்ன வேண்டும் என்று எழுதி எழுதி உள்ளே அனுப்பினார், நாங்கள் அதை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க முயன்றோம், முடிந்ததைச் சொன்னோம். அந்த இரண்டு நாளும் அவர்தான் எங்கள் ரிசப்ஷன். அதற்கப்புறம் வாட்ச்மேன் அண்ணனுக்கு ஒரு பிற்பகல் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தோம்: எதைக் குறிக்க வேண்டும், யாரை உடனே கூப்பிட வேண்டும், பில் புத்தகத்துக்குப் பதிலாக எந்த நோட்டு. இதை வெள்ளத்துக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும். நீங்கள் ஐப்பசி பிறப்பதற்குள் செய்துவிடுங்கள்.

கதவு

காலை நிகழ்ச்சி ஆர்ஜே ஐந்தரைக்கு வருகிறார். பெண்ணாக இருந்தால் பல நிலையங்களில் அந்த நேரத்தில் கட்டிடத்தில் அவரும் வாட்ச்மேனும் மட்டும்தான். ரிசப்ஷன் இருந்தபோது ரசிகர் என்று வருபவர் அக்காவைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். இப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நேரே ஸ்டுடியோ. உள்ளே பூட்டும் கிரில், வாசலில் கேமரா, அதன் திரை ஸ்டுடியோவுக்குள். இந்த மூன்றையும் கேளுங்கள். ஒரு மாதச் சம்பளத்தை மிச்சம் பிடித்தவர்கள் இந்தச் செலவைச் செய்யலாம்.

ஒரு விதியை எழுதி ஒட்டிவிடுங்கள்: ஒலிபரப்பில் இருப்பவர் கதவையும் திறக்க மாட்டார், போனையும் எடுக்க மாட்டார். ஆர்ஜே எந்த ஷிஃப்ட், எப்போது கிளம்புவார் என்று யார் கேட்டாலும் சொல்வதில்லை, "மாமா பையன்" என்றாலும்.

அப்புறம் அந்த நோட்டு. பல நிலையங்களில் நேயர் பெயரும் போன் எண்ணும் எழுதிய நீள நோட்டு ரிசப்ஷன் மேசையில் திறந்தே கிடக்கும். அதில் பாதிப் பெயர் பெண்களுடையது. மேசையில் ஆள் இல்லாதபோது கூரியர் கொண்டுவரும் பையன்கூட அதைப் படம் எடுத்துவிட முடியும். இன்றே எடுத்துப் பூட்டிவையுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது.

சமுதாய வானொலி என்றால்

கல்லூரியோ தொண்டு நிறுவனமோ லாப நோக்கமில்லாமல் தன் வட்டாரத்துக்காக நடத்தும் சிறிய நிலையம் அது. அங்கே கதை கொஞ்சம் வேறு. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நிலையத்திலிருந்து, பாம்பனில் மீனவர்களுக்கென்று நடக்கும் கடல் ஓசை வரை, சமுதாய வானொலிகளில் பெரிய ஊழியர் பட்டாளம் எப்போதுமே இருந்ததில்லை. குறைவதற்கு ஆளே இல்லை என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நேயர்தான் தன்னார்வலர், தன்னார்வலர்தான் ரிசப்ஷன். வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் வாசலில் உட்கார ஆறு பேர் கிடைத்தால் வாரம் நிறைந்துவிடும். ஆனால் அந்த ஆறு பேரும் ஒரே நோட்டில் எழுத வேண்டும், இல்லையென்றால் செவ்வாய்க்கிழமைக்காரர் சொன்னது புதன்கிழமைக்காரருக்குத் தெரியாது.

இங்கே வாசலில் உட்காருபவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை சில. விளம்பரம் மணிக்கு 12 நிமிடம் வரை போகலாம், 2024 பிப்ரவரியில்தான் 7-லிருந்து உயர்த்தினார்கள், அரசு விளம்பரத்துக்கான கட்டணமும் 10 நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ஆனது. அரசியல் சார்ந்த நிகழ்ச்சி கிடையாது, அதனால் பென் டிரைவுடன் வரும் பிரமுகருக்கு "சான்றிதழ் கொண்டு வாங்க" என்றுகூடச் சொல்ல வேண்டாம், வழியே இல்லை என்று சொல்லிவிடலாம். ஒலிபரப்பின் பதிவை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது தனியாருக்கும் இவர்களுக்கும் பொது. யாராவது வந்து "நேத்து என்னைப் பத்தித் தப்பாச் சொன்னீங்க" என்று நின்றால், வாதாடாதீர்கள், தேதி நேரம் குறித்துக்கொண்டு பதிவைக் கேட்டுச் சொல்கிறோம் என்று அனுப்புங்கள்.

உங்களுக்காகக் கேட்க வேண்டியது

இவ்வளவையும் "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்ற வாய்வார்த்தைக்குச் செய்யாதீர்கள். தினம் எத்தனை மணி நேரம் இதற்குப் போகிறது என்று இரண்டு வாரம் குறித்து, ஒரு பக்கத்தில் எழுதி, மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். எனக்கு வந்த கணக்கு தினம் இரண்டே முக்கால் மணி நேரம். அதை வைத்துக்கொண்டு பேசியதில் முழுச் சம்பளம் கூடவில்லை, மாதம் ஒரு படித்தொகை கிடைத்தது, சனிக்கிழமை மாற்று விடுமுறை கிடைத்தது, விசிட்டிங் கார்டில் "நிலைய ஒருங்கிணைப்பாளர்" என்று பெயர் மாறியது. பெயர் என்ன பெயர் என்று சிரித்தேன் அப்போது. பிறகு பார்த்தால் விளம்பரப் பில், லாக், பரிசு, நேயர் தொடர்பு எல்லாம் தெரிந்த ஆள் என்று அந்தப் பெயரை வைத்துத்தான் வேறு நிலையத்தில் கூப்பிட்டார்கள். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம்விட ஒப்புதல் கொடுத்தது. அவற்றில் எத்தனை நிலையமாக மாறினாலும், ஒன்றிலும் ரிசப்ஷனுக்கென்று தனி ஆள் எடுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். இந்த எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரைத் தேடுவார்கள்.

எல்லாம் ஏற்பாடு செய்து முடித்த பிறகு ஒரு சோதனை. ஒரு திங்கட்கிழமை காலை 11 மணிக்கு எதிர்த்த டீக்கடையில் நின்றுகொண்டு, வேறு யாருடைய போனையாவது வாங்கி உங்கள் நிலையத்தின் பழைய எண்ணுக்குப் போடுங்கள். நான் முதல் தடவை போட்டபோது 14 தடவை மணி அடித்து நின்றுவிட்டது, டீ மாஸ்டர் "என்ன சார், உங்க ஆபீஸ்ல ஆளே இல்லையா" என்றார். ஒன்பது நாள் கழித்து மறுபடி போட்டேன். மூன்றாவது மணியில் வாட்ச்மேன் அண்ணன் எடுத்து, யார், எந்த ஊர், என்ன விஷயம் என்று வரிசையாகக் கேட்டார். என் குரல் அவருக்குத் தெரியவில்லை. பொய்ப் பெயர் சொல்லி, ஒரு பிறந்தநாள் வாழ்த்துக் கொடுத்துவிட்டு வைத்தேன். சாயங்காலம் அது காற்றில் வந்தது.